பாதி தள்ளிய கோடு

புயல் வடக்குத் துறைமுகத்தில் கரையைக் கடக்கும் என்று வானிலை அலுவலகத்தின் காலை அறிக்கையில் எழுதியவள் அவளேதான். அதை நம்பி அவளுடைய தம்பி மூன்று படகுகளையும் தெற்குத் துறைமுகத்துக்கு ஓட்டிப்போய்க் கட்டினான். "எங்கக்கா வரைபடத்துல போட்ட புயல் கோடு" என்று அங்கே பார்த்தவர்களிடமெல்லாம் பெருமை வேறு.

பதினோரு மணிக்குப் புதுச் செயற்கைக்கோள் படம் வந்தது. அலுவலகத் திரையில் அவள் அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். புயலின் மேகக் கூட்டத்தை மேல்காற்று ஒரு பக்கமாக ஒதுக்கித் தள்ளியிருந்தது. நடுச்சுழி மட்டும் மொட்டையாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கண்ணுகளா, அன்றைக்கு மேலே வீசிய காற்று வடக்கே போகிற காற்று. உயர்ந்து நிற்கும் புயலைத்தான் அது இழுத்துப் போகும். வலுவிழந்து குட்டையானதைக் கடலை ஒட்டிய காற்று தள்ளும். அதுவோ தென்மேற்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"சார், வலு குறையுது. அதனாலதான் வடக்கே திரும்பல. நேரா தெற்குத் துறைமுகம். கோட்டை மாத்திடலாம்."

தலைமைக் கணிப்பாளர் கண்ணாடியைத் துடைத்தார். அவசரம் என்றால்தான் அவருக்குக் கண்ணாடி அழுக்காகும்.

"பாதி தள்ளும்மா."

அது அங்கே பல வருஷப் பழக்கம். கோடு எவ்வளவு விலகினாலும் ஒரு அறிக்கைக்குப் பாதிதான் நகர்த்துவார்கள். மீதி அடுத்ததில். அடுத்த படம் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டால் மானம் தப்பும், பாருங்கள்.

"பாதி தள்ளினா ரெண்டு துறைமுகத்துக்கும் நடுவுல உப்பளத்துல போய் நிக்குது சார்! அங்க போகும்னு நீங்களும் நம்பல, நானும் நம்பல. அப்புறம் யாருக்கு இந்தக் கோடு?"

"காலைல வடக்கு, மத்தியானம் தெற்குன்னா ஊரே சிரிக்கும். ஆறு மணிக்கு மீதியைத் தள்ளிக்கலாம். அதுக்குள்ள ஓடியா போயிடும்?"

"ஓடிட்டுத்தான் சார் இருக்கு!"

வரைபடம் போடுகிறவர் நிமிராமலே சொன்னார்: "மேடம், புயலையும் பாதி பாதியா வரச் சொல்லிப் பாருங்க."

யாரும் சிரிக்கவில்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கோட்டை உப்பளத்துக்கு நகர்த்தினாள். அறிக்கை வெளியேறும்வரை கைபேசிகளெல்லாம் இழுப்பறைக்குள்தான் இருக்க வேண்டும். பன்னிரண்டு மணிக்கு எடுத்ததும் தம்பியை அழைத்தாள்.

"பாத்தேன்க்கா. உப்பளம்தானே? நான் தள்ளித்தான் இருக்கேன்."

"இல்லடா, நீ இருக்கிற இடத்துக்குத்தான் வருது. இப்பவே வடக்கே கிளம்பு."

"அறிக்கைல அப்படி இல்லையே?"

"நான் சொல்றேன்ல!"

பத்து நிமிஷம் கழித்து அவனே அழைத்தான். "துறைமுக அதிகாரி கயித்தை அவுக்க விட மாட்டேங்கிறார்க்கா. காகிதத்துல வரட்டும்ங்கிறார். அக்கா சொன்னாங்கன்னேன். அப்ப உங்கக்காவையே அறிக்கைல எழுதச் சொல்லுப்பாங்கிறார்."

அவள் மறுபடி தலைமைக் கணிப்பாளர் முன்னால் போய் நின்றாள். "ஆறு மணிக்கும்மா" என்றார், நிமிராமலே.

ஆறு மணி அறிக்கையில் கோடு முழுசாகத் தெற்குத் துறைமுகத்தில் போய் நின்றது. அதற்குள் துறைமுக வாயிலில் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. உள்ளே இருந்ததை வெளியே எடுக்க வழியில்லை.

மறுநாள் காலை தலைமைக் கணிப்பாளர் முகமெல்லாம் மலர்ச்சி. "வலுவிழந்துதான் கடந்திருக்கு. கடைசி அறிக்கைல பிழையே இல்ல, பாத்தியா?"

அவள் வராந்தாவுக்குப் போய்த் தம்பியை அழைத்தாள்.

"ஆளுங்க எல்லாரும் நல்லா இருக்காங்கக்கா. காத்து பெருசா இல்ல. அலைதான் படகுகளைச் சுவத்துல போட்டு மோதிருச்சு. ரெண்டு போச்சு."

அவள் கைபேசியை மறு காதுக்கு மாற்றினாள்.

"ஆறு மணி அறிக்கை ரொம்பச் சரியா இருந்துச்சுக்கா" என்றான். "முதல் படகு உடையறப்பதான் ரேடியோவுல வாசிச்சாங்க."