வேனை மறித்த சிவப்புக் கொடி

எங்கள் இன்ஜினியர் அருள்முருகன் சாருக்குச் சாலை போடத் தெரியும், கல்யாணம் பண்ணத் தெரியாது. வந்த வரனெல்லாம் கடைசி நேரத்தில் தட்டிப்போனது. "ஞாயித்துக்கிழமைகூட ரோட்டுலயே நிக்கிற மாப்பிள்ள வேணாம்" என்று போனவர்கள்தான் அதிகம். நான் அமராவதி, அதே நெடுஞ்சாலைத் துறையில் சாலைப் பணியாளர். அவர் அம்மாவைவிட எனக்குத்தான் அந்தக் கவலை ஜாஸ்தி.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சிதம்பரத்தில் அவர் வீட்டுக்குப் போகிற வழியில் சிமெண்ட் சாலை போட்டு ஒருநாள்தான் ஆகியிருந்தது. சிமெண்ட் இறுகுவதற்காக வைக்கோல் பரப்பி, பாத்தி கட்டி, தண்ணீர் நிறுத்தியிருந்தோம். பார்க்க நடவு வயல் மாதிரி இருந்தது.

"யக்கா, எங்க மாமனாரே வந்தாலும் வண்டிய விடாதீங்க" என்று என்னைத் தடுப்புக் கட்டையருகே நிறுத்தி, சிவப்புக் கொடியைக் கையில் கொடுத்துவிட்டு சார் அவசரமாக வீட்டுக்குப் போனார். எதற்கு அவசரம் என்று சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஒரு வேன் வந்தது. உள்ளே பட்டுப்புடவைகள், தாம்பாளங்கள், ஒரு பெரிய பலாப்பழம். முன்சீட்டிலிருந்து மீசைக்காரர் ஒருவர் இறங்கினார்.

"கட்டைய எடும்மா. நல்ல நேரம் முடியப்போவுது."

"ரோடு இறுகணும். விடமாட்டேன்."

"ஸ்ரீமுஷ்ணத்துலேர்ந்து வர்றோம். ஒன் ஆபீசரக் கூப்பிடு!"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஸ்பீக்கரில் போட்டே சாரைக் கூப்பிட்டேன். நான் வாயைத் திறக்கும் முன்பே, "யாரா இருந்தாலும் திருப்பி அனுப்புங்கக்கா. வீட்டுக்கு முக்கியமானவுங்க வர்றாங்க, நான் பிசி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மீசைக்காரர் முகம் சிவந்தது. "யாரு இந்த ஆளு?"

"அருள்முருகன் சார்."

"நம்ம மாப்பிள்ளையா?" என்றது வேனுக்குள் ஒரு குரல். அப்போதுதான் எனக்கு விளங்கியது. கண் பட்டுவிடும் என்று ஆபீசில் ஒருவரிடமும் மூச்சு விடாமல், மாப்பிள்ளை வீடு பார்க்க அழைத்திருக்கிறார் மனிதர். ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியவர், பெண் வீட்டுக்குச் சாலை அடைப்பைச் சொல்ல மறந்துவிட்டார்.

"இப்பவே நம்மளத் திருப்பி அனுப்புறான். வண்டியத் திருப்புடா!" என்றார் மீசைக்காரர். பெண்ணுக்குத் தாய்மாமன், திருநாவுக்கரசு. அந்தக் கோபத்திலேயே பெண்ணுக்குப் போன் போட்டுக் கத்தினார்.

தடுப்புக் கட்டையை இழுத்துவிடலாமா என்று அதில் கை வைத்தேன். இழுத்தால் சாலை போச்சு, இழுக்காவிட்டால் சார் கல்யாணம் போச்சு.

போனில் அந்தப் பெண் இசைவாணி சிரிப்பது எனக்கே கேட்டது. ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பு இன்ஜினியராம்.

"மாமா, என் லைன்ல வேல நடந்தா நீங்க வர்ற ரயிலையும் நிறுத்துவேன். ஓரமா நடந்து போங்க. அந்தக்காவத் திட்டாதீங்க."

பார்க்காத அந்தப் பெண்ணை எனக்கு அப்போதே பிடித்துப்போனது. கொடியை இடுப்பில் செருகிக்கொண்டு பலாப்பழத்தைத் தோளில் ஏற்றினேன். காவலுக்கு வேனையே தடுப்புக்குக் குறுக்கே நிறுத்தச் சொன்னேன். தாம்பாளங்களோடு எல்லோரும் மண் ஓரத்தில் வரிசையாக நடந்தோம்.

வாசலில் சார் வேட்டி சட்டையில் நின்றார். எங்களைப் பார்த்ததும் வணக்கம்கூட வைக்காமல் அவர்கள் கால்களைத்தான் பார்த்தார்.

"ரோட்டுல யாரும் கால் வைக்கலயே?"

எனக்கு உயிரே போய்விட்டது. திருநாவுக்கரசு மீசையைத் தடவியபடி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"வைக்கல மாப்ள!"