பலகையின் நடுவில்

சின்னவள் அக்கா வீட்டில் கடைசியாகச் செய்த காரியம், அக்கா ஓரமாக வைத்த திராட்சைக் கொத்தைத் தூக்கிப் பலகையின் நடுவில் விரித்திருந்த இலைமேல் வைத்ததுதான். வருஷக் கடைசி விடுமுறையில் வீட்டுக்கு வருகிறவர்கள் நின்றபடியே எடுத்துச் சாப்பிட, பெரிய மரப்பலகை ஒன்றில் சீஸ், பிஸ்கட், பழம், பாதாம், ஒரு கிண்ணம் உப்பில் ஊறிய ஆலிவ் காய் என்று இடைவெளி தெரியாமல் பரப்பி வைப்பது சின்னவள் கொண்டுவந்த பழக்கம். வீடு அக்காவுடையது. இரண்டு நாளாக அடுப்படியில் வெந்தது அக்கா. ஆனால் வாசலைத் தாண்டிய கையோடு எல்லாரும் பலகைக்கு முன்னால் போய் நின்று போனை எடுப்பார்கள். அடுப்பில் கொதிக்கிற பாத்திரத்தை இதுவரை யாரும் படம் எடுத்ததில்லை.

"நான் ஒண்ணு வெச்சா உனக்குப் பொறுக்காதே, மகாராணி," என்றாள் அக்கா.

"அது அங்கதான்க்கா இருக்கணும்," என்று சிரித்துவிட்டுச் சின்னவள் கையைத் துடைத்துக்கொண்டாள்.

பத்தாம் நாள், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் படம் வரைந்து காட்டிக்கொண்டிருந்தவள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை.

அக்கா அழுததற்குக் குறைவில்லை. ஆனால் துக்கம் கேட்க வந்தவர்கள் ஒருவர் விடாமல் அந்தப் பலகையைப் பற்றிப் பேசினார்கள். என்ன கை, என்ன ரசனை, இனி யார் இருக்கிறார்கள் அப்படிச் செய்ய! கண்ணில் நீர் வழிந்துகொண்டிருக்கும்போதே அக்காவுக்கு வயிறு எரிந்தது. இப்படியும் ஒருத்தி இருப்பாளா என்று தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. இருந்தாலும் எரிவது எரிந்தது. உயிரோடிருக்கிற தங்கச்சியை என்றைக்காவது முந்திவிடலாம். போனவளை எங்கே போய் முந்துவது?

அடுத்த விடுமுறைக்குப் பலகையைத் தானே செய்வதென்று முடிவெடுத்தாள். ஒரே ஒருத்தர் வாயிலிருந்தாவது, அவள் பெயர் கலக்காமல், "நல்லாயிருக்கு" என்று வர வேண்டும். அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

பலகை தங்கச்சி வீட்டில் இருந்தது. ஒவ்வொரு முறையும் கழுவி, எண்ணெய் தடவி, அவள்தான் எடுத்துப்போவாள். அக்காவுக்கு அதை வெறுமையாகப் பார்த்த ஞாபகமே இல்லை. தங்கச்சி புருஷன் பழைய போர்வையில் சுற்றிக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துப் பிரித்தார். நடுவில் கன்னங்கரேலென்று ஒரு வட்டம்.

"என்னது இது? புதுசா சுட்டுட்டீங்களா?"

அவர் விழித்தார். "அண்ணி, நீங்கதானே… முதல் வருஷம் அவசரத்துல இரும்புச் சட்டியை அடுப்புலேர்ந்து இறக்கி இதுமேல வெச்சீங்களே."

"நானா?"

"உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன். எத்தனையோ தேய்ச்சும் போகல. அக்கா பார்த்தா மனசு சங்கடப்படும்னுதான் அதுமேல இலையைப் போட்டுத் திராட்சையை வெப்பா."

அவர் வண்டியை ஓரங்கட்டப் போனார். அக்கா வட்டத்தின்மேல் உள்ளங்கையை வைத்தாள். கை முழுதாக அதற்குள் அடங்கியது. அழுகை வரும் என்று காத்திருந்தாள். வந்தது வேறு. எட்டு வருஷம், ஒரு வார்த்தை சொல்லிக்காட்டாமல்! இதிலும் ஜெயித்துவிட்டாளே, கள்ளி. நான் நல்லவளாக இருக்க ஒரு சந்து விட்டாளா?

திராட்சையைக் கையில் எடுத்தாள். நடுவுக்குக் கொண்டுபோனாள். அப்புறம் பலகையின் ஒரு மூலையில் வைத்தாள். வட்டத்தை மூடாமல் அப்படியே விட்டாள். மற்றதையெல்லாம் தன் கை போனபடி அடுக்கினாள். மருந்துக்கடையில் இருபத்திரண்டு வருஷம் பழகிய கை; பிஸ்கட் ஒரு வரிசை, சீஸ் ஒரு வரிசை, அத்திப்பழம் ஒரு வரிசை.

அக்காவின் புருஷன் எட்டிப் பார்த்தார். "இதுல எது சாப்பாட்டுக்கு முன்னாடி, எது பின்னாடி?"

"உங்களுக்கு எல்லாமே வெறும் வயித்துல," என்றாள். தங்கச்சி புருஷன் ஒரு வருஷத்தில் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார்.

வந்தவர்கள் பலகைமுன் நின்றார்கள். யாரும் போனை எடுக்கவில்லை. மாடிவீட்டு டீச்சர் குனிந்து பார்த்தாள். "நடுவுல என்ன, ஏதோ கறை மாதிரி?"

"நான் வெச்ச சூடு. சட்டியை வெச்சுட்டேன்."

"ஐயோ, அவ இருந்திருந்தா அழகா மறைச்சிருப்பா."

"ஆமா," என்றாள் அக்கா. "எட்டு வருஷமா மறைச்சா."

டீச்சருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். அதற்குப் பிறகு ஆளாளுக்குக் கை நீட்டினார்கள், வரிசைகள் கலைந்தன. நன்றாக இருக்கிறது என்றோ, இல்லை என்றோ யாரும் சொல்லவில்லை.

எல்லாரும் போனபின் பலகையைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். சீஸ் துடைத்து எடுத்ததுபோல் தீர்ந்திருந்தது. திராட்சைக் கொத்தில் காம்பு மட்டும். ஆலிவ் காய் கிண்ணத்தை மட்டும் ஒருவர்கூடத் தொடவில்லை. இந்தக் குடும்பத்தில் அதை யாரும் தின்பதில்லை. சின்னவள் வைத்த வருஷங்களிலும் கிண்ணம் இப்படியே நிறைந்துதான் திரும்பி வரும்.