கடைசிச் சஹன்

புஹாரி போட்ட திட்டத்தில் ஓட்டையே இருக்கவில்லை. தங்கச்சி மகளின் கலியாணத்துக்கு முதல் ஆளாகப் போய், முதல் பந்தியில் தின்றுவிட்டு, தம்பி நளீம் வருமுன் மாத்தளையை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். வாப்பாவின் மிளகுத் தோட்டத்து வேலியால் முறிந்த பேச்சு. வருசக்கணக்காக ஒரு ஸலாம்கூட இல்லை. எதிரே கண்டால் யார் முதலில் வாய் திறப்பது? புஹாரி திறக்கமாட்டார்.

வழியில் மலை சரிந்து பாதை மூடிக்கிடந்தது. அவர்கள் ஏறிவந்த பல்லேகம பஸ் திரும்பி, நாவுல பக்கமாகச் சுற்றியது.

"ஆள் ஏத்தத்தான் சுத்துறான். மண் சரிஞ்சத எவன் கண்டான்?" என்றார் புஹாரி.

"எறங்கிப் போய்ப் பாத்துட்டு வாங்களேன்" என்றாள் மனைவி ஸைனம்பு. "அல்லாஹ் சுத்திக் கொண்டு போறான்னா அதுல ஒரு நல்லது ஈக்கும்."

"அவனுக்கு வேற வேல இல்லயா, என்னய பஸ்ல வச்சி சுத்துறதுக்கு?"

ஸைனம்பு அவர் முழங்காலில் ஒன்று போட்டாள்.

மண்டபத்தில் பந்தி முடிகிற நேரம். ஸைனம்பு பெண்கள் பக்கம் போய்விட்டாள். ஆண்கள் பக்கம் ஒரே ஒரு சஹன்தான் மிச்சம். பிந்தி வந்தவர்கள் அந்தப் பெரிய தட்டைச் சுற்றிப் பாயில் இருந்தார்கள். கையைக் கழுவிக் காலி இடத்தில் குந்தி நிமிர்ந்தால், எதிரே நளீம். அண்ணன், அவனுடைய நானா, போன பிறகு வரலாமென்று வேண்டுமென்றே பிந்தியிருக்கிறான். ஒரே வாப்பாவின் பிள்ளைகள், ஒரே மூளை.

கழுவிய கையோடு எழும்பினால் கலியாண வீட்டுக்கு அவமரியாதை. அதைவிடப் பெரிய வில்லங்கம், சஹனில் மூத்தவர்தான் கோழியைப் பிய்த்துப் பங்கு வைக்க வேண்டும். அங்கே அவரைவிட நரைத்த தாடி எவருக்கும் இல்லை.

"வைங்க ஹாஜியார், பசி உயிர் போவுது" என்றார் பக்கத்து ஆள்.

இவ்வளவு நேரமும் டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தார். இப்போது புரிந்தது. படைத்தவன் ஊரைச் சுற்றிக் கொண்டுவந்து இந்தத் தட்டில் உட்காரவைத்து, பங்கு வைக்கும் வேலையையும் அவர் கையிலேயே கொடுத்துவிட்டான்.

பிஸ்மில்லாஹ் சொல்லிப் பிய்த்தார். மற்றவர்களுக்கு வைத்தாயிற்று. தம்பியின் பக்கம் போன கை கொஞ்சம் நின்றது. இவன் எப்போது இப்படிக் கிழண்டு போனான்? தொடைத் துண்டைப் பார்த்து வைத்தார்.

"பல்லு ஈக்கா?"

"கீழ இல்ல நானா."

"அத சொல்ல மாட்டியா, மடையா?"

துண்டைத் திரும்ப எடுத்து, எலும்பை நீக்கி, சதையைப் பூவாகப் பிய்த்துத் தள்ளினார். நளீம் தின்றான். கையெல்லாம் நெய், கண்ணைத் தோளால் துடைத்துக்கொண்டான்.

"மெல்லத் தின்னு. சுத்திப் போற பஸ்ஸும் இனி இல்ல, பாத தொறக்குமட்டும் நாங்க எங்க போறது? ஒன்ட ஊட்டுல பாய் ஈக்கா?"

"ஈக்கி. கொறட்ட விடாட்டி வாங்க."