மருந்து குடித்த பாதம்

மதியம் ஒரு மணிக்கு அருங்காட்சியகத்தின் கதவைச் சாத்தப் போனவள், படியில் அக்கா நிற்பதைப் பார்த்தாள். வெயிலில் நடந்து வந்த முகம் கன்றிப் போயிருந்தது. கைபேசியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

"போன் வந்துச்சாக்கா?"

"வந்திருந்தா இங்க எதுக்குடி வரேன்?"

அக்காவின் மகனுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. ஒன்பது நாளாக அவனிடமிருந்தும் தகவல் இல்லை, கப்பலிடமிருந்தும் இல்லை. கம்பெனிக்காரர்கள் 'தேடிக்கிட்டிருக்கோம்' என்ற ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

"மாதா கால்ல ஒரு முத்தம் குடுத்துட்டுப் போயிடறேன். வழிய விடு."

தங்கை கதவுப்பிடியை விடவில்லை. பக்கத்துத் தேவாலயத்தின் கூரை விரிசல் விட்டபோது அங்கிருந்த வெள்ளிக் கிண்ணங்களும் பட்டு அங்கிகளும் இந்தக் கட்டடத்துக்கு வந்தன. கடைசியாக மாதாவும் வந்தாள். கடலுக்குப் போனவர்களின் வீட்டுப் பெண்கள் முத்தமிட்டு முத்தமிட்டே வலது பாதத்தின் விரல்கள் மழுங்கியிருந்தன. அக்காவுக்கு அது சுரூபம், கும்பிடுகிற மாதா. பதினோரு வருடமாகக் காவலுக்கும் தூசி தட்டவும் இருக்கிற தங்கைக்கு அது எப்போது காட்சிப் பட்டியலின் நாற்பத்திரண்டாம் எண்ணாக மாறியதென்று அவளுக்கே தெரியாது.

"தொடக்கூடாதுக்கா. பூச்சி அரிச்சிருக்குன்னு போன மாசம் விஷ மருந்து ஏத்தியிருக்காங்க. மரம் பூரா குடிச்சிருக்கு. வாயில பட்டா ஆபத்து."

"மாதா காலு எனக்கு விஷமா? எந்த மகராசி உனக்கு இதச் சொல்லிக் குடுத்தா?"

"சிலையெல்லாம் சரி பண்ற அம்மாதான். வேணும்னா கையுறை தரேன், போட்டுக்கிட்டுத் தொடு."

"உறை மாட்டிக்கிட்டுக் கும்பிட நான் என்ன பல் டாக்டரா? முத்தத்துக்கும் தனி உறை வெச்சிருக்கியா, இல்ல அதுக்கு டிக்கெட்டா?"

தங்கைக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் நின்றும் போனது. முத்தம் என்று அக்கா சொன்னதும் அவள் மனதில் முதலில் ஓடியது விஷமல்ல, அந்தப் பாதத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் கடைசித் துளி நீலச் சாயம். அக்காவின் உதடு அதற்குப் பிறகுதான். வேறு யாருக்கும் அது தெரியாது என்பதால் கூச்சம் குறைந்துவிடவில்லை. தன் விரலைப் பிடித்து நடை பழகிய பிள்ளை அக்காவின் மகன்.

சாவியை எடுத்தாள்.

"கிட்ட நின்னு வேண்டிக்க. அவ்வளவுதான். தொட மாட்டேன்னு சொல்லு."

"சரிடி, தொடல."

மாதா நின்ற கண்ணாடிப் பெட்டியின் கதவைத் திறந்ததும் மருந்து நெடி மூக்கில் ஏறியது. அக்கா முழங்காலிட்டு முணுமுணுத்தாள். அவனை வீட்டில் கூப்பிடும் பெயர் மட்டும் தங்கைக்குக் கேட்டது. பிறகு, கொடுத்த வாக்கைக் காற்றில் விட்டுவிட்டு அக்கா சட்டென்று குனிந்தாள்.

இழுக்க நேரமில்லை. தங்கையின் வெறுங்கை தானாகப் போய் அந்தப் பாதத்தைப் பொத்தியது. முத்தம் அவள் புறங்கையில் விழுந்தது. சூடாக, அழுத்தமாக. எடுக்கவே மாட்டாள் போலிருந்தது.

நிமிர்ந்த அக்கா அந்தக் கையையே பார்த்தாள்.

"நடுவுல வந்துட்டியேடி."

கத்தியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

பெட்டியைப் பூட்டிவிட்டுப் பின்கட்டுக் குழாயில் தங்கை கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். அக்கா சுவரில் சாய்ந்து நின்றாள்.

"முத்தம் மாதாகிட்ட போய்ச் சேந்திருக்குமா?"

அந்தச் சிலை என்ன மரம், எத்தனை வருஷம், எந்தக் கப்பலில் வந்தது என்று கேட்டால் அவளிடம் பதில் உண்டு.

"சேந்திருக்கும்கா."

"நிசமாத்தான் சொல்றியா, இல்ல என்னைக் கிளப்பி விடறியா?"

"நிசமாத்தான்."

"சேரலன்னு வெச்சுக்க, உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்." வீட்டில் பால் பொங்கி வழிந்தால் திட்டுவாளே, அதே குரல். சொல்லிவிட்டு, கைபேசியைப் பார்த்தபடியே வெயிலில் இறங்கிப் போனாள்.

தங்கை குழாயை மூடினாள். முத்தமாவது, சேர்வதாவது என்று சொல்லிப் பார்த்தாள். ஆனால் அவன் வராமல் போனால், இந்தக் கை நடுவில் புகுந்ததுதான் காரணமென்று அக்காவோடு சேர்ந்து தானும் நம்பப் போகிறோம் என்பது அவளுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.