வழக்கில் இன்னொரு பெயர்

மதி மியான்மரிலிருந்து திரும்பி ஓராண்டாகியும் அந்த விளம்பரம் செல்போனில் வந்துகொண்டுதான் இருந்தது. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, தங்குமிடம் இலவசம். அதை நம்பித்தான் கொருக்குப்பேட்டை மதியும் எண்ணூர் சௌமியாவும் ஒன்றாக விமானம் ஏறினார்கள். இறங்கியதும் எல்லை ஆற்றைக் கடக்க வைத்து, மியான்மரில் கம்பிவேலி போட்ட கட்டடத்தில் அடைத்து, முகம் தெரியாதவர்களிடம் ஆன்லைனில் பணம் பறிக்க வைத்தார்கள். மறுத்தால் அடி. ஒரு நாள் சௌமியாவை மட்டும் வேனில் ஏற்றிப் போனார்கள். பிறகு ராணுவம் மீட்டவர்களில் மதி இருந்தாள். சௌமியா இல்லை.

ராயபுரத்து வக்கீல் ஐரீன், விளம்பரத்தை வெளியிட்ட செயலி நிறுவனத்தின் மேல் மதிக்காக வழக்குப் போட்டாள். விளம்பரம் கொடுத்தவர்தான் பொறுப்பு, நாங்கள் இடம் கொடுத்தவர்கள் மட்டுமே என்றது நிறுவனம். புகார் போன பிறகும் விளம்பரம் ஓடியதை ஐரீன் நீதிமன்றத்தில் காட்டியதும், பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியனுப்பியது.

"நஷ்டஈடு தருவாங்க மதி. கேஸை வாபஸ் வாங்கணும்."

"அந்த வெளம்பரம் குட்த்தவன் யாருன்னு சொல்வாங்களா மேடம்?"

"அதைத் தரமாட்டாங்களாம்."

"அப்ப வாணாம். அவன புட்ச்சாதான சௌமியா எங்க கீறான்னு தெரியும்."

ஐரீன் கேஸ் கட்டைத் திறந்தாள். "அப்போ சௌமியாவோட அம்மாவும் கேஸ்ல சேரட்டும். பொண்ணைக் காணோம்னு அவங்களே கேட்டா, கோர்ட் அந்தப் பேரைத் தரச்சொல்லும்," என்றாள்.

மதி தனியாகத் திரும்பிய நாளிலிருந்து சௌமியாவின் அம்மா செல்லம்மா அவளிடம் பேசுவதில்லை. ஐரீன் சொன்னதை மீன் கூடையைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டாள், கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள், அவ்வளவுதான்.

அடுத்த விசாரணையில் விளம்பரதாரரின் விவரங்களைத் தரச்சொல்லி உத்தரவு வந்தது. விளம்பரம் கொடுத்த ஏஜென்ட் பிடிபட்டான். சௌமியாவைக் கம்போடியாவுக்கு விற்றுவிட்டதாகச் சொன்னான். தூதரகத்துக்குத் தகவல் போனது. பதில் வரவில்லை.

அதைச் சொல்ல எண்ணூருக்குப் போன மதியைச் செல்லம்மா உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"அங்க சோறு போட்டாங்களா அவளுக்கு?"

"ரெண்டு வேள போட்டாங்கம்மா."

"உன்னாண்ட இன்னா பேசுவா?"

"பேசவுடமாட்டாங்க. பாத்ரூம்ல பைப்ப தொறந்துவுட்டுப் பேசுவோம். ஸ்டேஷன் பேரா சொல்லிக்கினே வருவா. கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வ.உ.சி. நகர், திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம். எண்ணூர் வந்தா எறங்கிடலாம்பா."

செல்லம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"இன்னொருவாட்டி சொல்லு," என்றாள். "மெதுவா சொல்லு."

மதி கொருக்குப்பேட்டையிலிருந்து ஆரம்பித்தாள்.