நீலப் பரலைச் சுற்றி

யாராவது கை ஓங்கினால் றுமானாவின் கண் மூடிக்கொள்ளும். அவளாக மூடுவதில்லை, அதுவாக மூடும். கலியாணம் முடித்த முதல் மாதத்திலிருந்து பஸ்லானிடம் அடி வாங்கிப் பழகிய கண். அடி விழுவதற்கு முன்பே இறுகப் பூட்டிக்கொள்ளும், விழுந்த பிறகு திறந்து எங்கே வீங்கியது என்று பார்க்கும். இந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் அந்தப் பிள்ளை கார் பழக வெளிக்கிட்டாள்.

லைசன்ஸ் எடுக்க வேண்டும், பள்ளிக்கூட வேன் ஓட வேண்டும், சொந்தக் காலில் நின்றுகொண்டு அந்த நாசமாய்ப் போனவனை வீட்டை விட்டு அனுப்ப வேண்டும். அவளுடைய ஆசை அவ்வளவுதான். பஸ்லானிடம் லைசன்ஸ் வரைக்கும்தான் சொன்னாள். மிச்சத்தையும் சொல்ல அவளுக்கென்ன விசரா?

திருகோணமலை நகரத்தில் பெண்களுக்கு வாகனம் பழக்குகிறவள் கீர்த்தனி. றுமானாவின் வயதுதான், ஆனால் வாய் நாலு பேருக்குக் காணும். ஒருநாள் மணல் பரந்து கிடந்த வளைவில் பயிற்சிக் காரின் பின்பக்கம் லேசாக வழுக்கியது. அவ்வளவுதான். றுமானா இரண்டு காலையும் பிறேக்கில் ஊன்றி, கண்ணை மூடி, முகத்தைத் தோளுக்குள் புதைத்துக்கொண்டாள். கார் சுழன்றுபோய் மதகுச் சுவரில் மோதி நின்றது. கீர்த்தனியின் நெற்றி கண்ணாடியில் அடித்து, இரத்தம் புருவத்தில் வழிந்தது.

அவள் ஏசவில்லை. சால்வையால் நெற்றியை அமத்திக்கொண்டு கேட்டாள். "றுமானா, வீட்டில ஆர் உங்களுக்கு அடிக்கிறது?"

றுமானா முக்காட்டை இழுத்துக் கன்னத்தை மறைத்தாள்.

"கார் ஓடப் பயப்பிடுற ஆக்கள் எத்தினை பேரைப் பாத்தனான். ஒருத்தரும் இப்பிடி முகத்தை மறைக்கிறேல்ல. இந்தக் கண்ணோட உங்களைப் பள்ளிக்கூடப் பிள்ளையள ஏத்த விட ஏலாது. செவ்வாய்க்கிழமை உங்கட வீட்டு வேகனைக் கொண்டு வாங்கோ. வழுக்கப் பழகுவம்."

"வழுக்காம ஓடத்தானே மிஸ் பழகணும்?"

"வழுக்கேக்க கண்ணைத் திறந்து வைச்சிருக்கப் பழகோணும். அதுக்கு வழுக்கத்தான் வேணும்."

கச்சான் காற்று வீசுகிற வறண்ட காலத்தில் உப்பாற்றுப் பக்கத்து வெளி ஈரம் வற்றி, மேலே உப்பும் புழுதியுமாகக் கிடக்கும். இளவட்டங்கள் வண்டியை வழுக்கவிட்டு டிரிப்ட் அடிப்பது அங்கேதான். பஸ்லான் அதில் பெரிய ஆளாம்! றுமானாவின் வாப்பா சீதனமாகக் கொடுத்த பழைய வேகன், பின் சில்லால் ஓடுகிற வண்டி. அதைப் புழுதி பறக்கச் சுழற்றி, இறங்கி நின்று சட்டைக் கொலரைத் தூக்கிவிடுவான். தேய்வது மாமனார் வாங்கிய டயர், கைதட்டு இவனுக்கு. செவ்வாய்க்கிழமைகளில் அவன் மீன் லொறியோடு தம்புள்ளைக்குப் போய்விடுவதால் வெளி காலியாகக் கிடந்தது.

கீர்த்தனி நடுவில் ஒரு நீலப் பரலை நிறுத்தினாள். தண்ணீர் பிடித்து வைக்கிற பிளாஸ்டிக் பீப்பாய்தான்.

"வலக்கைப் பக்கமா இதைச் சுத்தோணும். வேகம் எடுத்து, ஸ்டேரிங்கைத் திருப்பி, ஹேண்ட் பிறேக்கை ஒருக்கா இழுத்து விடுங்கோ. பின்பக்கம் ஓடும், ஓடட்டும். எக்சிலேட்டரில இருந்து காலை எடுக்கப்பிடாது. ஸ்டேரிங்கை வழுக்கிற பக்கம் திரும்ப விடுங்கோ. கண் மட்டும் பரலை விட்டு அசையக் கூடாது."

சொல்ல லேசுதான். முதல் தடவை ஹேண்ட் பிறேக்கை இழுத்ததும் நிலமே காலடியிலிருந்து உருவிக்கொண்டு போனது. சில்லுகள் மண்ணைக் கிழித்தன. கல்லெல்லாம் வண்டியின் அடியில் தடதடவென்று அடித்தன. ஸ்டேரிங் திரும்பி அடித்த அடியில் பெருவிரல் பிசகியது. கண் மூடிக்கொண்டது, கால் பிறேக்கில் விழுந்தது, வேகன் ஓர் ஆட்டு ஆட்டி நின்றது. அவளுடைய தலை கதவில் போய் மோதியது.

"திரும்ப!" என்று வெளியே தள்ளி நின்று கத்தினாள் கீர்த்தனி.

திரும்பவும் அதேதான். முழங்கால் கன்றிப்போயிற்று. பெல்ட் அறுத்த இடத்தில் தோள் சிவந்து தடித்தது. ஒரு தடவை பரலையே இடித்து நொறுக்கினாள். ஒரு தடவை கதவைத் திறந்து புழுதியில் வாந்தி எடுத்தாள். "என்னால ஏலாது மிஸ்" என்று அழுதாள். கீர்த்தனி தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள், முகத்தைக் கழுவச் சொன்னாள், நசுங்கிய பரலை நிமிர்த்தி வைக்கப் போய்விட்டாள். மனிசிக்குக் கொஞ்சமும் இரக்கமில்லை என்று றுமானா பல்லைக் கடித்தாள்.

அந்தக் கிழமை முடியுமுன்பே பஸ்லான் வேகனின் அடியில் குனிந்து பார்த்தான். உப்புப் புழுதி அப்பிக் கிடந்தது. அவனுக்குத் தெரியாத புழுதியா அது?

"வெளிக்கு எவன்டி கொண்டு போன?" என்று தலைமுடியைப் பிடித்து இழுத்துச் சுவரோடு அடித்தான். அடித்துக் களைத்த பிறகு வாசலைக் காட்டினான். "என்ட ஊட்ட விட்டு வெளிய போடி!"

அவளும் போனாள். அதுதான் கூத்து! றுமானாவின் ஊரான கிண்ணியாவில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். தாய் தகப்பன் கல்லுக் கல்லாகச் சேர்த்துக் கட்டி மகளின் பேரில் எழுதுவார்கள். மாப்பிள்ளை உடுப்புப் பையோடு வந்து ஏறுகிறவன். அந்த வீட்டுக்காரி, வந்து ஏறியவன் போ என்றதும் முக்காட்டைப் போட்டுக்கொண்டு வாசல் படலைக்கு வெளியே வெயிலில் நின்றாள். அவன் உள்ளே மின்விசிறியைப் போட்டுக்கொண்டு கதிரையில் சாய்ந்திருந்தான். வீடு யாருடையது என்று அவனுக்கும் நினைவில்லை, அவளுக்கும் நினைவில்லை. பயம் மனிசரை அப்படி மறக்கப் பண்ணும்.

எதிர்வீட்டு உம்மு குல்சும்தான் கண்டுவிட்டுக் கத்தினாள். "அடியே விசரி! ஆர்ர ஊடுடி அது? ஒன்ட வாப்பா வெயில்ல காஞ்சி கட்டின ஊட்டுல அவன் இருக்கான், நீ தெருவுல நிக்கிறாய்?"

றுமானா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு வந்தது. பிறகு வெட்கம் வந்தது. அதற்கும் பிறகு, இவ்வளவு காலமும் வராத கோபம் வந்தது, வந்து அப்படியே தங்கிவிட்டது. படலையைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.

அடுத்த செவ்வாய் அந்தக் கோபத்தோடுதான் ஸ்டேரிங்கில் ஏறினாள். வேகம் எடுத்தாள். ஹேண்ட் பிறேக்கை இழுத்தாள். பின்பக்கம் பிய்த்துக்கொண்டு ஓடியது. இமை இறங்கத் துடித்தது. "மூடாத, மூடாத, மூடாத" என்று தன் கண்ணையே ஏசினாள். வலப்பக்கக் கண்ணாடி வழியாக நீலப் பரல் தெரிந்தது. தெரிந்துகொண்டே இருந்தது! கால் எக்சிலேட்டரில் நின்றது. ஸ்டேரிங் கைக்குள் தானாக ஓடியது. புழுதி மலை போல எழும்ப, வேகன் பரலைச் சுற்றி முழு வட்டம் போட்டு வந்து நின்றது. றுமானா தொண்டை கிழியக் கத்தினாள். கீர்த்தனி சால்வையைத் தலைக்கு மேலே சுழற்றிக் குதித்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் முனீபின் மோட்டார்சைக்கிள் வந்து நின்றது. முனீப் பஸ்லானின் கூட்டாளி. பின்னால் பஸ்லான். அன்றைக்கு லொறி போகவில்லை.

அவன் நேரே வந்தான். குறுக்கே போன கீர்த்தனியை நெஞ்சில் தள்ளினான், அவள் பரலோடு சேர்ந்து விழுந்தாள். வேகனின் இடப்பக்கக் கதவைப் பிய்க்கிற மாதிரித் திறந்து ஏறினான்.

"ஓட்டு பாப்பம்! என்ட வண்டியில ஆட்டம் போடுறியா? ஓட்டுடி!"

கை ஓங்கிவிட்டது. றுமானாவின் இமை பாதி இறங்கிவிட்டது. கால் மட்டும் தான் பழகியதைச் செய்தது. வேகன் பாய்ந்தது. முனீப் பாய்ந்து விலகினான். அவள் ஸ்டேரிங்கை ஒடித்து ஹேண்ட் பிறேக்கை இழுத்தாள்.

ஓங்கிய கை அவளிடம் வந்து சேரவில்லை. பஸ்லானின் உடம்பு முழுக்கக் கதவில் போய் அறைந்தது. பெல்ட் போடாத பெரிய ஆள்! தலை கண்ணாடியில் மோதியது. எழும்பப் பார்த்தான், வேகன் விடவில்லை. விழுந்து கிடந்த பரலையும் கீர்த்தனியையும் கண்ணால் பிடித்துக்கொண்டு, அவர்களை விட்டு அகலமாக ஒரு வட்டம் போட்டாள். பிறகு இன்னொன்று. ஸ்டேரிங் தன் கையில் இருக்கும்போது சிங்கமாக இருந்தவன், அது இன்னொருத்தியின் கைக்குப் போனதும் டேஷ்போட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அலறினான்.

"பிறேக்க அடி! அல்லாஹ்வே, பிறேக்க அடி றுமானா!"

முனீபுக்கு அது நன்றாகக் கேட்டது. கேட்காத மாதிரி உப்பாற்றுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவள் வண்டியை நிறுத்தினாள். புழுதி வந்து மூடியது. பஸ்லான் மூச்சு வாங்கினான். மானம் போனது விளங்கியதும் முகம் கறுத்தது. கை முட்டியை மடக்கி அவளுடைய வாயில் குத்தினான்.

உதடு கிழிந்தது. பல் ஒன்று ஆடியது. ஆனால் றுமானா இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. கை புறப்பட்டதைப் பார்த்தாள், வந்ததைப் பார்த்தாள், கைக்குப் பின்னால் இருந்த முகத்தையும் முதல் தடவையாகப் பார்த்தாள்.

அடிக்கிற நேரம் பஸ்லான்தான் கண்ணை மூடுகிறான்.

இறுக்கி, சின்னப்பிள்ளை மருந்து குடிக்கிற மாதிரி மூடுகிறான். கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிற ஒருத்தனுக்குப் பயந்து, அவளும் கண்ணை மூடிக்கொண்டு கிடந்திருக்கிறாள்!

இரண்டாவது குத்து வந்தது. அவன் கண் மூடியதும் அவள் தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டாள். முட்டி ஸ்டேரிங் வளையத்தில் போய் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் இரண்டு பேருக்கும் கேட்டது. அவன் கையை மடியில் வைத்துக்கொண்டு மாடு கத்துகிற மாதிரிக் கத்தினான்.

"இறங்குங்க" என்றாள் றுமானா. வாயில் இரத்தம் நிறைந்திருந்ததால் சத்தம் பெரிதாக வரவில்லை. அவன் இறங்கினான்.

கீர்த்தனி நொண்டிக்கொண்டு வந்து ஏறினாள். போகும் வழியில் இரத்தம் துடைக்கச் சால்வையை நீட்டினாள். றுமானாவுக்குப் பயம் எங்கேயும் போய்விடவில்லை, நெஞ்சுக்குள் அப்படியே கிடந்தது. என்றாலும் அன்றைக்குக் கிண்ணியாப் பாலத்தை அவள் பிசகாமல் ஓட்டிக் கடந்தாள்.

பொழுது சாய்கிற நேரம் பஸ்லான் கையைத் துணியால் கட்டிக்கொண்டு வந்து படலையை உதைத்தான். "என்ட ஊட்டுக் கதவத் தொறடி!"

றுமானா திறந்தாள். உதடு வீங்கித் தொங்கியது. எதிர்வீட்டில் உம்மு குல்சும் விளக்குமாறோடு வெளியே வந்து நின்றாள். தெருவில் இன்னும் நாலைந்து படலைகள் திறந்தன.

"ஆர்ர ஊடு?" என்று கேட்டாள் றுமானா.

அவன் நல்ல கையை ஓங்கினான். அவள் அவனுடைய கண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாள், இமை எப்போது இறங்கும் என்று. அது இறங்கவில்லை. அவ்வளவு பேர் பார்க்கும்போது அவனால் கண்ணை மூட ஏலவில்லை. மூடாமல் அடிக்கவும் தெரியவில்லை. கை கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்று, பிறகு இறங்கியது.

அவன் வரும்போது கொண்டுவந்த அதே உடுப்புப் பையைப் படலைக்கு வெளியே வைத்தாள். அவன் எடுத்துக்கொண்டு நடந்தான். தெருமுனை திரும்பும் வரைக்கும் அவள் பார்த்துக்கொண்டு நின்றாள், பிறகு உள்ளே போய்ப் பழஞ்சோற்றைக் கரைத்து, கிழிந்த உதட்டில் படாமல் மெதுவாகக் குடித்தாள்.