கையில் வாங்கும் வரை

"உங்க ரிப்போர்ட் பிரமாதம் மேடம். தாசில்தார் ஒரே மூச்சுல ஓகே பண்ணிட்டாரு."

வருவாய் ஆய்வாளர் பாபு ஃபோனில் இப்படிச் சொன்னதும், சந்திரலேகாவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. ஆள் மாறிப் பேசுகிறார் என்று நினைத்தாள்.

"எந்த ரிப்போர்ட் சார்?"

"இன்னா மேடம், குடுத்தவங்களே கேக்குறீங்க? கலங்கல் வாய்க்கால்தான். 'தரையில் வாய்க்கால் ஏதும் காணப்படவில்லை'ன்னு நச்சுனு எழுதிக்கீறீங்களே!"

அப்படி ஒரு வரி அவள் எழுதவே இல்லை.

2013 நவம்பர். செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி. பெரியநந்தூரின் கிராம நிர்வாக அலுவலர் அவள். அந்த ஒற்றை அறை அலுவலகத்தின் ஜன்னல் வழியே ஒரகடம் சாலையும், அதற்கு மேலே கருத்துத் தொங்கிய வானமும் தெரிந்தன. இரண்டு நாளாக விட்டு விட்டு மழை. ஏரி நிரம்ப இன்னும் ஒரு முழம்தான் பாக்கி.

ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் கலங்கல் வழியே வாய்க்காலில் இறங்கி அடுத்த ஊர் ஏரிக்குப் போகும். அந்த வாய்க்காலை மூடினால் தண்ணீர் போக மிச்சமிருப்பது ஒரே இடம். எண்பது வீடுகள் கொண்ட காலனி.

மூடத்தான் கேட்டார்கள். புதிதாக வரும் உதிரிபாகக் கம்பெனிக்குக் கண்டெய்னர் லாரி நுழைய வழி வேண்டும். அதற்கு அவள் ஒரு வரி எழுதித்தர வேண்டும். மூன்று வாரமாகக் கேட்டார்கள். மூன்று வாரமாக மாட்டேன் என்றாள்.

மாட்டேன் என்றவளின் கையெழுத்து எப்படிப் போனது?

கேள்வி முடிவதற்குள் அவள் கை தானாக மேஜை டிராயரைத் திறந்தது.

திங்கள்கிழமை என்றால் கலெக்டர் ஆபீசில் குறைதீர் கூட்டம். வாரத்தில் இன்னொரு நாள் ஆய்வுக் கூட்டம். நடுவில் வாக்காளர் பட்டியல், இலவசப் பொருள், வெள்ளக் கணக்கு. வருமானச் சான்றுக்கு வருகிறவனோ ஷிப்டை விட்டுவிட்டு வந்து நிற்பான். அவனை இன்று போய் நாளை வா என்று சொல்ல மனசு வராது. அதனால் பத்து வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, அந்த டிராயரில் வைத்து, சாவியைத் தலையாரி சுப்பனிடம் கொடுத்துவிட்டுப் போவாள். கேட்பவருக்குச் சுப்பன் எழுதிக் கொடுப்பான். திரும்பி வந்து அவள் சரிபார்ப்பாள். சுற்றுவட்டாரத்தில் எல்லா வி.ஏ.ஓ.வும் செய்கிற காரியம்தான். மூன்று வருடத்தில் ஒரு தவறும் நடந்ததில்லை.

"சுப்பண்ணே."

வாசலில் நின்ற சுப்பன் உள்ளே வரவில்லை. ஐம்பது வயது ஆள், நிலையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

"நேத்து ஆர்.ஐ. பாபு சாரு வந்தாரு மேடம். ஒரு தாளு குட்றான்னாரு. குடுத்துட்டேன்."

"எதுக்குன்னு கேக்கலியா?"

"எந்தக் காலத்துல தலையாரி ஆர்.ஐ.யப் பாத்து எதுக்குன்னு கேட்டுக்கிறான்?"

அப்போதுதான் வாசலில் வெள்ளைக் கார் வந்து நின்றது.

இறங்கியவர் வானமாமலை. துணை தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது அந்தக் கம்பெனிக்கு 'ஆலோசகர்'. அவளைப் போலவே தாமிரபரணிக்காரர். குடையை மடக்கி மூலையில் சாய்த்துவிட்டு, கேட்காமலே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்ன தாயி, மொகம் வாடிக் கெடக்கு? சாப்பிட்டியா?"

"அந்த ரிப்போர்ட் நான் எழுதல அண்ணாச்சி."

"கையெழுத்து உன்னோடதுதான?"

திறந்து கிடந்த டிராயரை அவள் மூடினாள்.

"பெறகென்ன? சீலும் ஒன்னோடது. எழுதுன கை யாருதுன்னு எவன் பாக்கப் போறான்?" அவர் குரல் தேன் தடவியதுபோல் இருந்தது. "அம்பாசமுத்திரத்துக்கு மாறுதல் கேட்டு ரெண்டு வருசமா அலையுத. பொண்ணு அங்க ஒன் அக்கா வீட்ல கெடந்து ஏங்குது. ஆறாம் கிளாஸ், பி செக்சன். சரிதான?"

பி செக்சன் என்பது பாபுவுக்குக்கூடத் தெரியாது.

"அடுத்த வாரம் ஆர்டர் வந்துரும். நீ ஒண்ணும் செய்யாண்டாம். சும்மா இரு. அவ்வளவுதான்."

"இல்லன்னா?"

"இல்லன்னா, வெறுந்தாளுல கையெழுத்துப் போட்டு வச்சேன்னு நீயே எழுதிக் குடுக்கணும். அன்னைக்கே சஸ்பெண்ட். பதினேழு பி மெமோ, விசாரணை. அப்புறம் நீ குடுத்த அத்தனை சான்றையும் நோண்டுவான். அதை வச்சு வேலைக்குச் சேர்ந்த பயலுவ கதி?" எழுந்தார். குடையை எடுத்தார். "ரெண்டரைக்கு மண்ணு அடிக்க வாராங்க. நீ ஸ்கூட்டிலதான போற? இந்த ரோட்டுல கண்டெய்னர்காரன் கண்ணு மண்ணு தெரியாம வருவான். பாத்துப் போ தாயி."

கார் போன பிறகும் அந்தக் கடைசி வாக்கியம் போகவில்லை.

பொண்ணு முகம் வந்தது. காலனியின் தாழ்ந்த கூரைகளும் வந்தன. போன மழைக்கு அங்கே முழங்கால் தண்ணீரில் நின்று அவள்தான் கணக்கெடுத்தாள். வாய்க்கால் திறந்திருந்தபோதே முழங்கால்.

பேனாவை எடுத்தாள். நடந்ததை நடந்தபடி எழுதினாள். வெறுந்தாளில் கையெழுத்துப் போட்டது என் தவறு. அந்த அறிக்கை என்னுடையது அல்ல. இரண்டு பிரதி.

தாலுகா அலுவலகத்தில் தபால் வாங்கும் கிளார்க், வழக்கம்போல் படிக்காமலே முத்திரையைக் குத்தி ஒரு பிரதியைத் திருப்பிக் கொடுத்தார். மணி இரண்டு பத்து. மழை சற்றுக் குறையக் காத்து அவள் படி இறங்குவதற்குள் பின்னால் செருப்புச் சத்தம். பாபு.

"மேடம்! இன்னா கூத்து இது? தாசில்தார் கூப்டுறாரு. கோட்டாட்சியருக்கு ஃபோன் போட்டுக்கினு கீறாரு. உள்ள வாங்க!"

உள்ளே போனால் என்ன நடக்கும் என்பது அவளுக்குத் தெரியும். டீ வரும். கோட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து தாள் வரும். கையில் கொடுப்பார்கள். வாங்கிய நொடியில் அவள் யாருமில்லை.

ஆனால் வாங்கும் வரை?

சஸ்பெண்ட் ஆர்டர் வருகிறது என்று தெரிந்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடுகிற ஆட்களை அவள் பார்த்திருக்கிறாள். தேடித் தேடிப் பார்த்துவிட்டுக் கடைசியில் கதவில் ஒட்டுவார்கள். ஆர்டர் கைக்கு வரும்வரை அவன்தான் அதிகாரி. ஒளிந்துகொள்ளக் கிடைக்கிற அந்த நேரத்தை யாரும் வேலை செய்யப் பயன்படுத்தியதில்லை.

"வண்டிய நிழல்ல விட்டுட்டு வந்துடுறேன் சார்," என்றாள்.

"மழைல இன்னா மேடம் நிழலு?" என்று பாபு யோசித்து முடிப்பதற்குள் ஸ்கூட்டி சாலையில் இருந்தது.

வல்லக்கோட்டைப் பிரிவு தாண்டியதும் பின்னால் ஹார்ன். கண்ணாடியில் ஒரு கண்டெய்னர் லாரி பெரிதாகிக்கொண்டே வந்தது. அவள் இடப்பக்கம் ஒதுங்கினாள். லாரியும் ஒதுங்கியது. சேறும் ஜல்லியுமாக இருந்த ஓரத்தில் சக்கரம் வழுக்க, ஹேண்டிலை நேராக்கினாள். லாரி அவள் தோளை உரசுகிற தூரத்தில் கடந்து, வேகம் குறையாமல் போயே போய்விட்டது. தற்செயலா? நின்று யோசிக்க நேரமில்லை. ஆக்சிலேட்டரை முறுக்கினாள்.

வாய்க்காலில் மூன்று லோடு செம்மண் ஏற்கெனவே விழுந்திருந்தது. ஜேசிபி நான்காவதைத் தள்ளிக்கொண்டிருந்தது. காலனி ஜனம் மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

"நிறுத்துங்க!"

ஜேசிபி டிரைவர் எட்டிப் பார்த்தான். இருபத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் தொங்கிய அட்டையில் இசக்கிபாண்டி என்று பெயர் இருந்தது.

"ஓனர் சொல்லாம நிறுத்த முடியாதுக்கா."

"தண்ணி ஓடுது, கண்ணு தெரியலியாப்பா? எந்தூரு நீ?"

"கயத்தாறுக்கா."

"ஒங்க ஊருல ஓடுற வாய்க்கால மூடுவியா? நான் இந்த ஊர் வி.ஏ.ஓ. எழுத்துல தாரேன், வாங்கிக்கோ. ஓனர் கேட்டா அதைக் காட்டு."

அவன் இஞ்சினை அணைத்தான்.

அவள் திரும்பினால், சுப்பன் நின்றான். கக்கத்தில் வாய்க்கால் குறித்த புலப்படம், கையில் அளவுச் சங்கிலி. அலுவலகத்திலிருந்து வண்டியில் விரைந்து வந்திருக்கிறான்.

"நீங்க எழுதுங்க மேடம். நான் புடிக்கிறேன்."

அளந்தார்கள். பதினெட்டடி அகலம், கணுக்கால் உயரத்துக்கு ஓடும் மழைநீர். கண்டதைச் சாட்சிகளோடு பதியும் மகஜர், பணியை நிறுத்த அறிவிப்பு, இரண்டையும் மூன்று மூன்று பிரதி எழுதினாள். மழை படாமல் தலைக்கு மேலே தார்ப்பாய் பிடித்தார்கள். முப்பத்தொரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். முதல் ரேகை ராஜம்மாவுடையது. காலனியின் கடைசி வீட்டுக்காரி.

"எந்த வெரலுமா? போன தபா ரேஷனுக்கு எல்லா வெரலயும் கேட்டான்."

"இடது கட்டைவிரல் போதும்மா."

நேரம் நான்கு இருபது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஒரு பிரதி இசக்கிபாண்டிக்கு. ஒன்று ராஜம்மாவிடம். இன்னொன்று சுப்பனிடம். கலெக்டருக்குப் பதிவுத் தபால், அஞ்சு மணிக்குள். அவன் டி.வி.எஸ். வண்டி இருமிக்கொண்டே கிளம்பியது.

நான்கு நாற்பதுக்கு ஜீப் வந்தது. பாபு இறங்கினார். கோபமில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"வாங்கிக்கோங்க மேடம்."

படித்தாள். தற்காலிகப் பணிநீக்கம். கீழே 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி, பக்கத்தில் மணியையும் எழுதினாள்: 4.42.

"நேரம் எதுக்கு?" பாபு தாளைப் பார்த்தார். பிறகு இசக்கிபாண்டி கையில் இருந்த அறிவிப்பைப் பார்த்தார். அதில் நேரம் 4.20. "சீலு, சாவி."

கொடுத்தாள்.

"பக்கத்து ஊர் வி.ஏ.ஓ. மாசானத்துக்குத்தான் கூடுதல் பொறுப்பு. நாளைக்குக் காலைலயே வந்துடுவாரு," என்று சொல்லிவிட்டு பாபு ஜீப்பில் ஏறினார்.

ஜீப் நகர்ந்ததும்தான் தெரிந்தது. சாலையோரத்தில் வெள்ளைக் கார். கண்ணாடி ஏற்றியிருந்தது. வைப்பர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அவள் பார்ப்பதைப் பார்த்ததுபோல் கார் மெல்லக் கிளம்பி, சுப்பன் போன திசையில் திரும்பியது.

அவள் சுப்பனுக்கு ஃபோன் போட்டாள். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள்.

"யம்மா, இத யாராண்ட குடுக்கணும்?" மூன்றாவது பிரதியை பிளாஸ்டிக் கவரில் சுற்றிக்கொண்டே ராஜம்மா கேட்டாள்.

செம்மண் மேட்டின் மேல்பக்கம் தண்ணீர் தேங்க ஆரம்பித்திருந்தது. நாலைந்து பேர் சொல்லாமலே மண்வெட்டியோடு இறங்கினார்கள்.

"யாராண்டயும் குடுக்காதீங்க," என்றாள் சந்திரலேகா. பி செக்சன் ஞாபகம் வந்தது. ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமலே சேர்த்துச் சொன்னாள்: "நானே வந்து கேட்டாலும்."